கைப்பிடித்தவர்

ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்த குளிர்காலத்தில் ஜலஜாவுக்குப் பல்வலி வந்தது. இடது பக்கம், கீழ்வரிசையில் கடைசிப் பல். உப்பு வெந்நீரில் கொப்பளித்தாள், கிராம்பை அடக்கிக்கொண்டாள். எதற்கும் மசியவில்லை. ஆபீசில் டைப் அடிக்கக் குனிந்தால் வலி காது வரை இழுத்தது.

அவள் கணவன் கஸ்தூரிரங்கன், சரோஜினி நகர் மார்க்கெட் மாடியில் இருந்த டாக்டர் சப்ராவிடம் அழைத்துப் போனான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. சப்ரா அவனுடைய செக்‌ஷன் ஆபீசரின் மைத்துனர்.

எங்கே வலி என்று சப்ரா கஸ்தூரிரங்கனைத்தான் கேட்டார். ஜலஜாவுக்கு அவனைவிட நன்றாக ஹிந்தி வரும். பதில் சொல்ல வாயெடுத்தாள். அவன் தடுத்தான்.

“நீ வாயைத் திறந்து வெச்சுண்டா போதும். பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்.”

இடது பக்கம், கீழே என்று மட்டும் சொன்னான். சப்ரா ஊசி போட்டார். அது சரியாக மரத்துப்போகக்கூட விடவில்லை. கலர் டிவி எது நல்லது என்று கஸ்தூரிரங்கனோடு பேசிக்கொண்டே இடுக்கியை உள்ளே விட்டார். அது பிடித்தது கடைசிப் பல்லை இல்லை, அதற்கு முந்தின பல்லை. ஜலஜாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது இல்லை என்று சொல்லப் பார்த்தாள். தொண்டையிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள்.

சப்ராவுக்கு எரிச்சல். மதராஸிப் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் என்றார். கையைப் பிடித்துக்கொள்ளும்படி கஸ்தூரிரங்கனிடம் சொன்னார். அவன் அவளுடைய இரண்டு கைகளையும் நாற்காலியோடு சேர்த்து அழுத்தினான்.

“சித்த சும்மா இரேன். மானத்தை வாங்காதே.”

தாடைக்குள் ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். பல் தட்டில் விழுந்தது. வெள்ளையாக, சொத்தையே இல்லாமல் இருந்தது.

ஜலஜா ரத்தத்தைத் துப்பிவிட்டு, பிடுங்கியது வேறு பல் என்று தடித்த நாக்கோடு ஹிந்தியில் சொன்னாள். சப்ரா மறுபடி அவள் வாய்க்குள் பார்த்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு கஸ்தூரிரங்கன் பக்கம் திரும்பி, இதுவும் கெட்டுப்போக இருந்த பல்தான், மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அவன் “அச்சா, டாக்டர் சாப்” என்று தலையாட்டினான்.

ஜலஜா பல்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காத்திருந்தவர்களிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டி நடந்ததைச் சொன்னாள். தாடையில் மஃப்ளர் கட்டியிருந்த ஒரு சர்தார்ஜி பல்லைக் குனிந்து பார்த்தார். எழுந்து படியிறங்கினார். அவர் பின்னாலேயே ஒரு பெண்மணியும் போனாள். சப்ரா வாசலுக்கு வந்து, ஜலஜாவைப் பைத்தியம் என்றார். இது செக்‌ஷன் ஆபீசர் மச்சானுக்குத் தெரிய வேண்டியதுதான் என்று கஸ்தூரிரங்கனிடம் சொன்னார்.

படிக்கட்டில் அவன் வழி மறித்தான்.

“மேலே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. என் ப்ரமோஷன் போயிடும்.”

“வேண்டாம்னு நான் கையை ஆட்டினது உங்களுக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும்தானே பிடிச்சேள்?”

அவர் டாக்டர் ஆயிற்றே என்று முணுமுணுத்தான். அவள் அவனை ஒதுக்கிவிட்டுக் கீழே போய் ஆட்டோவை நிறுத்தினாள். அவனும் ஏறிக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள் ஜலஜா. கர்ச்சீப் முழுக்க ரத்தம்.

அங்கே ஒரு பெண் டாக்டர் அவளைக் கூப்பிட்டாள். கஸ்தூரிரங்கனும் எழுந்தான். “நீங்க இங்கேயே இருங்கோ” என்று சொல்லிவிட்டு ஜலஜா கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அவளே சொன்னாள். டாக்டர் முழுக்கக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னாள். கெட்ட பல்லும் அன்றே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் மிட்டாய் டப்பாவோடு செக்‌ஷன் ஆபீசர் வீட்டுக்குக் கிளம்பினான். அவளையும் கூப்பிட்டான். அவள் வரவில்லை என்றாள். அவளுக்காகவும் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டதாகத் திரும்பி வந்து சொன்னான். ஜலஜா அவனுக்குத் தட்டு வைத்துச் சாதம் போட்டாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.