நல்ல கால்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்கு ஓட்டம்தான் உயிர். விடிவதற்குள் பூங்காவை நாலு சுற்று ஓடிவிட்டுத்தான் வண்டிச் சாவியையே தொடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலையில் தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் கால் வைத்து, வலது கணுக்காலை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கி, மேலே மாவுக்கட்டும் போட்டு அனுப்பினார்கள்.

"இந்தக் கால் தரையில படவே கூடாது," என்றார் டாக்டர்.

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். இடது காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே! அங்கேதான் அவள் மூளை வேலை செய்தது. ஓட்டப் பைத்தியங்களுக்கு மட்டுமே வாய்க்கிற மூளை. வருடாந்தர ஓட்டப் போட்டிக்குள் மூச்சு குறைந்துவிட்டால் என்னாவது? நல்ல கால் ஒன்று சும்மாதானே கிடக்கிறது?

கணவர் கீழே தையற்கடையில் மெஷினோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிக்க ஆரம்பித்தாள். வியர்த்துக் கொட்டும்வரை தினமும் குதித்தாள்.

"மேல என்ன சத்தம்?"

"பாத்திரம் விழுந்துச்சுங்க!"

"இவ்வளவு நேரமாவா? நம்மகிட்ட அத்தனை பாத்திரம் இல்லையே!"

நாளாக ஆக இடது பாதம் வலித்தது. வேலை செய்கிற கால் வலிக்கத்தானே செய்யும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு குதித்தாள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று வலது காலைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கெண்டைச் சதையையே காணோம். யாருடைய காலையோ தனக்கு ஒட்டிவிட்ட மாதிரி சூம்பிக் கிடந்தது. பயத்தில் அதை ஊன்றாமல் இடது காலில் எழுந்தவள் வலியில் முகம் சுளித்தாள்.

"அந்தப் பாதம் ஏன் வீங்கியிருக்கு?" என்று டாக்டர் இரண்டு கால்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படங்கள் வந்தன.

"ஆபரேஷன் பண்ண கால் அருமையா கூடியிருக்கு. ஆனா இதைப் பாருங்க." அவர் விரல் இடது பாதத்து எலும்பில் மெல்லிய கோடு ஒன்றைத் தொட்டது. "விரிசல். என்னம்மா பண்ணீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"பாத்திரமா?"

அவள் தலை தானாக ஆடியது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவரோ அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வருஷப் போட்டி, டாக்டர்?"

"மறந்துடுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம். அதுவும் குதிக்காம இருந்தா."

இடது காலுக்குக் கெட்டியான பூட்ஸை மாட்டிவிட்டார்கள். ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு டாக்டர் சொன்னார், "எந்திரிங்க."

"எந்தக் கால்ல?"

"வலது கால்லதான்."

"ஐயோ, அது உடைஞ்ச காலாச்சே!"

"உங்ககிட்ட இருக்கற நல்ல கால் இப்ப அதுதாம்மா."

அத்தனை நாள் மாவுக்கட்டில் ஒதுக்கி வைத்திருந்த காலை நடுங்கி நடுங்கித் தரையில் வைத்தாள். பாரத்தை இறக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முறிகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

சத்தமே வரவில்லை.

"நிக்குதுங்க," என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.