நல்லா தண்ணி குடிங்க

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் வார்டில் டாக்டரின் வாய்க்கு மனப்பாடமான வாக்கியங்கள் சில உண்டு. கட்டில் கட்டிலாக அவற்றைச் சொல்லிக்கொண்டே போவார். அன்று தையல்காரம்மாவிடமும் சொன்னார்.

"நல்லா தண்ணி குடிங்க. இந்த மருந்து உள்ளயே தங்கினா சிறுநீர்ப்பை புண்ணாயிடும்."

"விடாம குடிக்கிறேன் டாக்டர். குழாய்ல பிடிச்சு மிஷின் பக்கத்துலயே வச்சுக்கிறேன்."

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த டாக்டர் திரும்பி வந்தார். தையல்காரம்மா வீடு சாயத் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக நோயாளிகள் வர ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் தெருவில் இறங்கினார். சாயக்கழிவு கலந்த அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். போராட்டக்காரர்போல் கொடி பிடிக்கிறார், கொடி டாக்டர் என்று நர்சுகள் கிண்டல் செய்யும் அளவுக்கு அலைந்தார்.

"அந்தத் தண்ணி வேணாம்னு உங்க வாசல்லயே வந்து சொன்னேனேம்மா?"

"அது நல்லா இருக்கிறவங்களுக்குன்னு நினைச்சேன். பிள்ளைங்களுக்கு கேன் தண்ணிதான். எனக்கு நீங்க தனியா குடிக்கச் சொன்னீங்களே."

டாக்டருக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது. தெருவில் ஒரு வாய், வார்டில் ஒரு வாய். இரண்டும் ஒரே காதில் விழும் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை. தன் நீலப் பாட்டிலில் வார்டின் சுத்தமான தண்ணீரை நிரப்பி அந்த அம்மாவின் பையில் வைத்தார். இனி இதுபோல்தான் குடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அந்த அம்மா தலையாட்டினார்.

மறுநாள் தொழிற்சாலை மீது அரசு விசாரணை. தொழிற்சாலைக்கு எதிராகப் பேசத் துணிந்த ஒரே நோயாளி தையல்காரம்மாதான். டாக்டர் சொல்லித்தான் குடித்தேன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கம்பெனி வக்கீல் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். குழாயை மூட வைக்கப் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

"அதை மட்டும் சொல்ல வேணாம்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. அதுல ஒண்ணும் பொய் இல்லையே," என்றார் டாக்டரின் கணவர் அன்றிரவு.

"நான் என்ன சொன்னாலும் அவங்க கேப்பாங்க. அதான் பயமா இருக்கு."

மறுநாள் விசாரணை நடக்கும் அலுவலகப் படிக்கட்டில் தையல்காரம்மா காத்திருந்தார். "நான் என்ன சொல்லணும் டாக்டர்?"

வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியத்தை டாக்டர் விட்டுவிட்டார். "நடந்ததைச் சொல்லுங்க," என்றார்.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தண்ணி கெட்டதுன்னு வாசல்லயே வந்து சொல்லியிருக்காங்க. அப்புறமும் ஏம்மா குடிச்சீங்க?"

தையல்காரம்மாவுக்கு நா வறண்டுவிட்டது. மருந்து ஏறிய மறுநாள் அப்படித்தான் இருக்கும். பையிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்தார். நேற்று மாலைக்குள் தீர்ந்திருக்க வேண்டிய தண்ணீர். இப்போது கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

மறுபடியும் அதே வீட்டுக் குழாயில்தான் பிடித்திருப்பார் என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

"உங்க முறை இன்னும் வரல டாக்டர், உட்காருங்க," என்றார் அதிகாரி.

டாக்டர் உட்காரவில்லை. வக்கீல் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். தையல்காரம்மா மூடியைத் திறந்து பாட்டிலை உதட்டருகே பிடித்துக்கொண்டு, குடிக்கட்டுமா என்பதுபோல் டாக்டரின் முகத்தையே பார்த்தார்.