புதுசுக்கெல்லாம் பொட்டு

ராஜமாணிக்கம் ஐயாவுக்குக் கழுத்து திரும்பாது. எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்ல, இனி கார் ஓட்டவே கூடாது என்று மகள் நந்தினி சொல்லிவிட்டாள். அவரா கேட்பார்? கீழ்பென்னாத்தூரிலிருந்து எழுபத்தாறாம் வருஷத்து அம்பாசிடரை, செங்கம் ரோட்டில் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“கழுத்து திரும்பலன்னா இன்னாப்பா, கேமரா திரும்பிப் பாக்கட்டும். பின்னாடி கேமரா, முன்னாடி டச் ஸ்கிரீன், புது வண்டில இருக்கற மாதிரி உயரமா சீட்டு. எல்லாத்தையும் போட்டுடு.”

நான் சரியான பயந்தாங்கொள்ளி. பழைய ஒயரில் புதுச் சாமானை இணைக்கும்போதெல்லாம் தீப்பிடித்துவிடுமோ என்று நாலு தரம் சரிபார்ப்பேன். பத்து நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். சீட்டுகளுக்கு என் மனைவி எழிலரசி உறை தைத்தாள். அந்த உயரச் சீட்டுகளை மாட்டியதும் பின்கண்ணாடி பாதி மறைந்துபோனது. எனக்கு அது உறுத்தியது, சொல்லவும் சொன்னேன். “அதான் கேமரா இருக்குதே” என்றார். மேலே பேசத் தைரியம் வரவில்லை.

வண்டி எடுக்கும் அன்று காலை, அவர் மனைவி கஸ்தூரி அம்மா சந்தனமும் குங்குமமுமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டியரிங், சீட்டு, ஸ்கிரீனின் ஓரம், ஒன்றையும் விடவில்லை. “புதுசா போட்டது எல்லாத்துக்கும் பெரிய பொட்டா வெச்சுட்டேன்பா” என்றார். நானும் தலையாட்டினேன். எழிலரசி சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது பழம் வண்டிக்குப் பின்னால் உருண்டதையும் அதை எடுக்க அவள் போனதையும் நான் பார்க்கவில்லை. டிரைவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, ஐயாவுக்கு ஸ்கிரீனை விளக்கிக்கொண்டிருந்தேன்.

“பழத்து மேல ஏத்தறதுக்கு முன்னாடி, ஒரு அடி பின்னால போய்ப் பாக்கறேன்” என்று ரிவர்ஸ் போட்டார். ஸ்கிரீன் முழுக்க ஒரே சிவப்பு.

“இன்னாங்க தெரியுது?” என்று கஸ்தூரி அம்மா எட்டிப் பார்த்தார்.

“மண்ணுதான். காலியா இருக்குது.”

அவர் வீட்டு வாசல் செம்மண். எனக்கும் செம்மண்ணாகத்தான் பட்டது. வண்டி நகர்ந்தது. அப்புறம்தான் உறைத்தது. என் ஷெட் வாசலில் ஏது செம்மண்? போன வருஷம்தான் சிமெண்ட் போட்டேன். கேமராவின் கண்ணிலும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

“ஐயா, பிரேக்கு!”

வண்டி குலுங்கி நின்றது. “எழிலு” என்று கூப்பிட்டேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கேயும் அவள் இல்லை.

பின்பக்கம் போக ஆறு எட்டு வைத்தால் போதும். உண்மையைச் சொன்னால், போய்ப் பார்க்கப் பயந்தேன். ஐயா கழுத்தைத் திருப்ப முயன்று முயன்று முகமெல்லாம் வேர்த்துப்போயிருந்தார்.

“பின்னாடி யாருப்பா இருந்தாங்க?”

நான் ஜன்னல் வழியே ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்கிரீனில் அந்தச் சிவப்பு அசைந்தது. ஒரு விரல் அதைத் தடுமாறித் தேய்த்தது. தேய்த்த இடத்தில் எழிலரசியின் பாதி முகம் தெரிந்தது, ஒரு கண்ணும் வாயுமாக, மிகப் பெரிதாக. அவள் என்னிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு திரும்பத் திரும்ப அசைந்தது. நான் மாட்டிய கேமராவுக்குச் சத்தம் கிடையாது.