பொன்னுதுரை வீட்டுக் கம்பளம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகுதான் தெய்வநாயகம் தலைமைக் குமாஸ்தா ஆனார். அதுவரை அந்த நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்விட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் கிடந்த கம்பளி விரிப்பு மட்டும் இவர் மனசிலேயே தங்கிவிட்டது. பொங்கலுக்கு ஆபீஸ்காரர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர்கள் வருவதற்குள் அதைப்போல ஒன்று வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மலாக்கா டவுனில் கடைக்காரர் இரண்டை விரித்துக் காட்டினார். "இது நைலான், புதுசா வந்திருக்கு. தூசி தங்காது, அலசிக் காயப்போடலாம். அது அசல் கம்பளி. மெத்துமெத்துன்னு இருக்கும், ஆனா தூசிய உள்ளேயே வச்சிக்கும்."

மனைவி மீனாச்சி நைலானைத் தொட்டுப் பார்த்தாள். "நம்ம புள்ள விஜயாவுக்கு இழுப்பு இருக்குங்க. கழுவுறதையே வாங்கலாம்லா."

"நைலான் சட்டைக்குச் சரி. கூடத்துல போட்டா நாலு பேரு சிரிப்பான்." கம்பளிதான் வீட்டுக்கு வந்தது.

வீடு என்றால், இவர் வீடா? காஜா பெராங்கில் மாமனார் பொன்னுதுரை கட்டிய வீடு. பல தலைமுறைக்கு முன்பே குடியேறி மலாய்க்காரர்களோடு கலந்துபோன மலாக்கா செட்டி இனத்து மனிதர். தமிழ் வராது, மருமகனோடும் மலாயில்தான் பேச்சு. ஒரே மகளைத் தமிழ்க் குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்து இருவரையும் கூடவே வைத்துக்கொண்டார். மீனாச்சிக்குத் தமிழ் வந்தது கல்யாணத்துக்கு அப்புறம். பெரியவர் போன வருஷம்தான் கண்ணை மூடினார்.

கம்பளி வந்ததிலிருந்து மகள் விஜயாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. அவளுக்கோ அதில் புரளாவிட்டால் பொழுது போகாது. தெய்வநாயகம் கம்பளத்தைச் சந்தேகப்படுவாரா? பெரியவர் படத்துக்கு மீனாச்சி தினமும் போடும் சாம்பிராணிதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிள்ளைக்காக என்றதும் அவளும் நிறுத்திவிட்டாள்.

பள்ளி விடுமுறைக்கு விஜயா மட்டும் கிளேபாங்கில் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அழைத்துவரப் போன தெய்வநாயகம் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அதற்குள் அவர் மகள் கூச்சல் போட்டபடி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வீடு திரும்பிக் கம்பளத்தில் புரண்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சுருட்டி வெளியே எறிந்திருக்கலாம். பொங்கல் முடியட்டும், ஆபீஸ்காரர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மகள் இருமும்போதெல்லாம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முதல் நாள் பார்ச்சு. செட்டிகள் வீட்டில் இறந்தவர்களை அழைத்து இலை போடும் நாள். சாம்பிராணிப் புகையைக் கண்டுதான் அவர்கள் வருவார்கள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பொன்னுதுரைக்கு அது முதல் பார்ச்சு. தேங்காய்ப்பால் ஊற்றிய நாசி லெமாக் சோறு, மீன் குழம்பு, சம்பல் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் பரிமாறிவிட்டு மீனாச்சி வந்து நின்றாள்.

"இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சாம்பிராணி போடட்டுமாங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் கூடத்தில் கம்பளம் அழகாக விரிந்து கிடந்தது. "புள்ள மூச்சு வேணுமா, புகை வேணுமா?" என்றார். சொன்ன வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மீனாச்சி தணல் சட்டியை எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். புகையில்லாத இலைக்கு முன் மண்டியிட்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், கம்பளத்தை வாய் நிறையப் புகழ்ந்தார்கள், போனார்கள். அந்தப் புகழ்ச்சி அவருக்குக் கசந்தது. அவர்கள் தலை மறைந்ததும் விஜயா மூச்சுக்குத் தவித்துத் தாய் மடியில் சாய்ந்தாள்.

"புகையே போடலியே, ஏங்க இப்படி இழுக்குது?"

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "கம்பளிதான் மீனா. கிளேபாங்குல புகைக்குள்ளயே நல்லா ஓடுனா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

மகள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "நேத்து நான் கேட்டப்பவும் தெரியுமா?"

தெய்வநாயகம் தலை குனிந்தார். பிறகு கம்பளத்தைச் சுருட்டித் தரதரவென்று இழுத்துப்போய் வெளியே தள்ளினார். கூடத்தைத் துடைத்தார். சாயங்காலம் விஜயாவின் மூச்சு சீரானதும், தானே தணல் மூட்டிச் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மனைவி முன் வந்து நின்றார்.

"மாமாவக் கூப்பிடு மீனா. இப்பக் கூப்பிடு."

"அவங்க வர்ற நாளு நேத்துங்க," என்றாள் மீனாச்சி. "அப்பா வந்திருப்பாரு. புகை இல்லாம, தான் கட்டுன வீடே அடையாளம் தெரியாம, பசியோட திரும்பிப் போயிருப்பாரு. இனிமே அடுத்த வருசந்தான் சாப்பாடு."