பரிதி வைத்த சிரிப்பு

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் போக்கர் ஆடித்தான் முடிவு செய்வார்கள். பஜ்ஜியும் கேசரியும் முடிந்ததும் பெரியவர்கள் ஓரமாக நகர்ந்துகொள்ள, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கு ஐந்து சீட்டு போடுவார்கள். பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்வது மரியாதை இல்லை. ஒருவர் ஷோ கேட்டு இருவரும் சீட்டை விரித்துவிட்டால் கல்யாணம் உறுதி. தோற்றவர் வைத்ததையெல்லாம் கொடுத்துவிட்டு ஜெயித்தவர் வீட்டுக்கு வாழப் போக வேண்டும். யாராவது சீட்டை மடக்கினால் சம்பந்தம் அதோடு முடிந்தது. மடக்கியவர் அதுவரை வைத்தது மற்றவருக்குப் போய்விடும்.

பணம் வைப்பதெல்லாம் கிடையாது. என்னைப் பார்க்க வந்த இளம்பரிதி முதலில் பஸ்ஸில் தன் ஜன்னலோர இடத்தை வைத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை வைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சிரிப்பை எடுத்து, சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். நல்ல சிரிப்பு. பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என் கையில் ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சீட்டுகள். பெரியது ஒரு ஜாக்கிதான். பேசாமல் ஷோ கேட்டிருக்கலாம். தோற்று, அந்தச் சிரிப்பு இருக்கும் வீட்டுக்கே போயிருக்கலாம். புத்தி கெட்டுப்போய், பிடித்திருப்பதை எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும் என்று, "எல்லாத்தையும் வைக்கறேன்" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இளம்பரிதி சீட்டை மடக்கிக் கவிழ்த்தார். அவருடைய அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டாள். வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிரிப்பு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

முதல் வாரம் அது பீரோவுக்குப் பின்னாலேயே இருந்தது. அம்மா பால் ஆற்றிக் கொடுத்துப் பழக்கினாள். பிறகு நான் துணி மடிக்கும்போது மடியில் வந்து படுத்துக்கொள்ளும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பஞ்சாயத்தில் கேட்டுப் பார்த்தோம். ஜெயித்ததை ஆடித் தோற்கத்தான் முடியும், மடக்கிய ஜோடிக்கு மறு ஆட்டம் இல்லை என்றார்கள். அதன் பிறகு வேறு மாப்பிள்ளைகள் வந்தார்கள். சிரிப்பைப் பந்தயத்தில் வைக்க நேர்ந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் சுற்றிலேயே மடக்கினேன். ஒரு முறை நான்கு ராணிகளைக் கூட மடக்கினேன்.

போன மாதம் சத்தியமங்கலம் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. அது என்னுடையது என்பதால் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் போய் உட்கார்ந்து, சிரிப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க. விடியக்காத்தாலே மட்டும் கொஞ்சம் இருமும்."

"அது சின்னதுலிருந்தே அப்படித்தானுங்க."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "அன்னைக்கு என் கையில மூணு ராஜா இருந்துதுங்க."

"அப்புறம் ஏனுங்க மடக்குனீங்க?"

"நீங்க எல்லாத்தையும் வச்சீங்களே. பெரிய கைன்னு நெனச்சேன். தோத்துட்டு வெறுங்கையோட உங்க வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு இருந்துது."

"எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க" என்றேன்.

அவருக்கு ஏதோ செய்ய வேண்டும் போலிருந்தது. உதடுகள் இழுத்துப் பார்த்து நின்றுவிட்டன. குனிந்து சிரிப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவரை யாரோ என்று பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கண்டக்டர் வந்தார். எனக்கு டிக்கெட் கிழித்துவிட்டு, மடியிலிருந்ததைக் காட்டி, "இதுக்கு வயசு என்னம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

"முப்பத்திமூணுங்க" என்றார் இளம்பரிதி.

கண்டக்டர் அதற்கு ஒரு முழு டிக்கெட் கிழித்தார். காசை இளம்பரிதி கொடுத்தார்.