வெளிச்சம் இருந்தால் பேசக்கூடாது

அண்ணன் தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணினி விளையாட்டுக்குள் வருவான். வீட்டுக்கு வருவதில்லை. அப்பா இறந்தபோது சிங்கப்பூரிலிருந்து கிளம்பியவன், எரித்து முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தான். எஸ்டேட் வீட்டு வாசலிலேயே அம்மா சொல்லிவிட்டார்: "அப்பன் மொகத்தப் பாக்காதவன் என் மொகத்தையும் பாக்க வேணாம்." அதுவரை அம்மா சொன்ன எதையும் கேட்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். எங்கள் வீட்டில் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அவன் விட்டுப்போன கணினியில்தான் அவனோடு பேசுகிறேன். ஒரு தீவில் இரண்டு பேரும் வீடு கட்டுகிறோம், மரம் வெட்டுகிறோம், சோளம் போடுகிறோம். "அம்மா நடுவுல பேசினா இங்கேருந்தும் போயிருவேன், ஷ்வேதா" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அதனால் விளையாட்டின் சத்தத்தை அடைத்துவிட்டு, அவன் குரல் மட்டும் கேட்கும்படி வைத்து, அம்மாவை என் முதுகுக்குப் பின்னால் உட்காரவைப்பேன். "திரையில வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அவனுக்குக் கேக்கும். வாயத் தொறக்காதம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அம்மா திறக்கமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார். கோடரி வாங்குவதற்காகச் சப்பாத்தை விற்றுவிட்டு வெறுங்காலோடு தீவில் அண்ணனாகத் திரியும் அந்தப் பொம்மைதான் அவருக்கு மகன். எல்லாம் முடிந்த பிறகு, "இளைச்சிட்டான்" என்பார். "அது பொம்மை லா, இளைக்காது" என்றால் என்னை முறைப்பார்.

சில வாரங்களாகத் திரை அணைய ஆரம்பித்தது. படம் பார்த்தால் ஒன்றுமில்லை. விளையாட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடினால் பொசுக்கென்று கறுத்து, 'நோ சிக்னல்' என்று வரும். உடனே சுவிட்சை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி போடுவேன். கேபிளை மாற்றினேன். பாரோயில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து வேறு திரையை இரவல் வாங்கிப் பார்த்தேன். விளையாட்டையே அழித்துப் புதிதாகப் போட்டேன். மந்தினில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர், "படம் காட்டுற கார்டு சூடாவுது போல. பெட்டியத் தொறந்து பாரு லா" என்றார். ஞாயிறு கழியட்டும் என்று இருந்தேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வேலி கட்டிக்கொண்டிருந்தான். திரை கறுத்தது. இந்த முறை சுவிட்சை அமுக்காமல், பின்னால் ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று மேசைக்கடியில் குனிந்தேன். மேலே அம்மாவின் குரல் கேட்டது.

"கால்ல எதாச்சும் போட்டுக்கய்யா. முள்ளுக் காடு அது. அன்னைக்கு உங்கப்பா போன வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். உன் மொகத்தப் பாக்காம என்னால முடியலய்யா."

பதறி எழுந்ததில் தலை மேசையில் இடித்தது. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. படம்தான் போயிருந்தது, மைக் போகவில்லை.

"அண்ணே" என்றேன். மறுபடி போட்டு உள்ளே போனபோது தீவில் பாதி வேலி மட்டும் நின்றது.

"அவனுக்குக் கேட்டுச்சா?" என்றார் அம்மா.

"கேட்டுச்சு."

"அப்ப இனிமே வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்தேன். சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியது. கார்டின் விசிறி இறக்கையெல்லாம் புகைப்பிசுக்கும் திருநீறும் சேர்ந்து அப்பியிருந்தது.

"இதுக்கா சாம்பிராணி காட்டுனே?"

"வெள்ளிக்கிழம சாமிக்குக் காட்டிட்டு இதுக்கும் காட்டுவேன். அவன் இதுலதானே வர்றான்" என்றார்.

திட்ட வாயெடுத்தவள் அழுதுவிட்டேன். அம்மா டார்ச் அடிக்க, பழைய பல்துலக்கியும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

அடுத்த ஞாயிறு திரை அணையவே இல்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. அவன் இல்லாதது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வழக்கமாக அவன் வரும் நேரம் தாண்டிவிட்டது. போதும் என்று நான் எழப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

வெளியே செம்பனை மரங்கள் இருட்டத் தொடங்கியபோது, சோளக் கொல்லைக்குப் பின்னாலிருந்து அவன் நடந்து வந்தான். பாதி வேலிக்குப் பக்கத்தில் வந்து எங்களைப் பார்த்து நின்றான். கையில் கோடரியைக் காணோம். காலில் கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தான்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியுதாம்மா?" என்றான் அண்ணன்.

அம்மா வெளிச்சமாக இருந்த திரையைப் பார்த்தார். பிறகு, பேசலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"தெரியுதுய்யா" என்றார்.