ஏலத்தில் எடுத்த எலிகள்

எலி என்றாலே எனக்கு ஆகாது. என் மகள் பிளஸ்ஸி நாய்க்குட்டி கேட்டாள். என் வீட்டுக்காரர் ஞானசிங், செலவு குறைவு என்று நாகர்கோவில் கடையிலிருந்து இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்தார். அப்பு, அம்மிணி என்று பெயர் வேறு. அப்பாவும் மகளும் அதுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு டிவி பார்ப்பார்கள். தூர நின்று கூட்டுக்குள் வெள்ளரித் துண்டைப் போடுவதோடு என் வேலை முடிந்தது. செத்தாலும் தொடமாட்டேன் என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகை அன்று காலையில் பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்துவிட்டது. எலிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிளஸ்ஸி அழுதாள். கூட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு சர்ச்சுக்கே எடுத்து வந்தோம். வெயில் படக்கூடாதென்று என் புத்திசாலி வீட்டுக்காரர் அதை சர்ச் வாசலில் போட்டிருந்த பந்தலுக்குள் வைத்தார். பக்கத்தில் காணிக்கையாக வந்த கோழிக் கூடைகள், வாழைக்குலைகள், பலாப்பழங்கள். பிறகு என்ன நடக்கும்?

ஆராதனை முடிந்து காணிக்கை ஏலம் தொடங்கியது. கோழிகள் போனதும், ஏலம் விடும் ராஜையன் எங்கள் கூட்டைத் தூக்கித் துண்டை உருவினார். சனம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது.

"ஐயோ, அது எங்களுக்க எலி!" பிளஸ்ஸி கத்தினாள்.

"காணிக்கையோட இருந்தா காணிக்கைதான் மக்கா. ஆண்டவருக்கு வந்ததைத் திருப்பித் தரப்பிடாது. வேணும்னா ஏலத்துல எடுங்க," என்றார் ராஜையன். அவருக்கு வேடிக்கை.

வேடிக்கை அங்கே நிற்கவில்லை. புதிதாக வேட்டை நாய்க்குட்டி வாங்கியிருந்த ஸ்டெனி எழுந்து விலை கேட்டான். "எனக்க நாய் எலி பிடிச்சுப் பழகட்டும்," என்றான்.

பிளஸ்ஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் விலையைக் கூட்டிக் கேட்டார். ஸ்டெனி அதற்கு மேலே போனான். இவர் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மிணி கம்பியைப் பிடித்து எழுந்து நின்று என்னையே பார்த்தது. வெள்ளரிக்காய் போட நான் வரும்போதும் அப்படித்தான் நிற்கும். எனக்கு ஆத்திரம் வந்தது.

கிறிஸ்துமஸ் சேலைக்கு வைத்திருந்த பணம் பையில் இருந்தது. எழுந்து விலையை ஒரேயடியாக இரட்டித்தேன்.

"குளோரியக்கா, நீங்க அதைத் தொடவே மாட்டியளே! பிறகு என்னத்துக்கு?" என்றான் ஸ்டெனி. சனம் மறுபடியும் சிரித்தது.

விறுவிறுவென்று முன்னே போய்க் கூட்டைத் திறந்து கையை உள்ளே விட்டேன். உடம்பெல்லாம் கூசியது, கையை எடுக்கவில்லை. அம்மிணி முதலில் ஏறியது, பின்னாலேயே அப்பு. இரண்டும் தோளுக்கு வந்து என் கழுத்தோரம் ஒண்டிக்கொண்டன. இவ்வளவு இளஞ்சூடாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"இப்ப கேளுலே ஸ்டெனி! நீ எவ்வளவு கேட்டாலும் அதுக்கு மேல நான் கேப்பேன். சாயங்காலம் வரைக்கும் இஞ்சதான் நிப்பேன்!"

கையில் அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. சொன்னதென்னவோ பந்தல் முழுக்கக் கேட்கும்படிதான்.

ஸ்டெனி வாயைத் திறந்தான். அவன் மனைவி விக்டோரியா சட்டையைப் பிடித்து இழுத்து அவனை உட்காரவைத்தாள்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிளஸ்ஸி விசிலடித்தாள், அதுவும் சர்ச் வாசலில்! நான் அதட்டவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் எனக்கே விசிலடிக்கத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து, எலிகளை உள்ளே விடச் சொல்லிக் கூட்டை நீட்டினார்.

"கூட்டை நீங்க எடுத்துட்டு வாருங்க," என்றேன். "பிள்ளையள நான் கொண்டுவாறேன்."